ஒரே நடையில் முடிகிற வேலைதான்

வாசகி கேட்டது:

ஐயா, எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில், மெயின் ரோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே. என் கணவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தபோது போய்ப் பார்த்து வரலாம் என்று 2009-ல் பாஸ்போர்ட் எடுத்தேன். ஒரு தடவைதான் போனேன். 2019-ல் காலாவதி ஆகி, பீரோவில் கிடக்கிறது. இப்போது மகள் துபாயில் மாசமாக இருக்கிறாள். இன்னும் நான்கு மாதத்தில் பிரசவம், நான் போயாக வேண்டும். பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும் ஒற்றையாக இருக்கிறது. ஆதாரில் கணவர் இனிஷியலோடு இருக்கிறது. எட்டாம் வகுப்பு டி.சி.யில் அப்பா இனிஷியல். பிறந்த தேதி பாஸ்போர்ட்டிலும் டி.சி.யிலும் 12.6.1974, ஆதாரில் 1.1.1976. டவுனில் ஒரு ஏஜெண்ட், "பழையதைக் காட்டவே வேண்டாம், ஆதாரில் இருப்பதுபோல் புதிதாகவே எடுத்துவிடலாம், போலீஸ் செலவு உட்பட 8,000 ரூபாய்" என்கிறார். மாதத்தில் பாதி நாள் திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். மதுரைக்கு எத்தனை தடவை அலைய வேண்டும் என்றும் தெரியவில்லை. அவரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்:

சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். 8,000 ரூபாய் போகிறதே என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த ஆள் சொல்லும் வழி, இல்லாத சிக்கலை உங்கள் தலையில் கட்டிவிடும்.

நான் பாஸ்போர்ட் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலான வருடங்கள் ஆவணங்களைச் சரிபார்க்கும் இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தேன். கிராமத்திலிருந்து வருபவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை அந்த இருக்கையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். தூரத்தால் கெட்டவர்கள் குறைவு. நான்கு காகிதத்தில் நான்கு பெயரோடு வந்து திரும்பிப் போனவர்கள்தான் அதிகம். ஆகவே உங்கள் வேலையில் முக்கால் பங்கு வீட்டுத் திண்ணையிலேயே முடிய வேண்டியது.

ஒருமுறை பாஸ்போர்ட் எடுத்தவர் அடுத்து எப்போது விண்ணப்பித்தாலும், அது காலாவதி ஆகி எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், 'மறு வெளியீடு' என்ற பிரிவில்தான் விண்ணப்பிக்க வேண்டும். 'புதியது' என்ற பிரிவு, வாழ்க்கையில் ஒருமுறைகூட எடுக்காதவர்களுக்கு. படிவத்திலேயே இதற்கு முன் பாஸ்போர்ட் வைத்திருந்தீர்களா என்று கேள்வி வரும். அங்கே 'இல்லை' என்று போட்டுக் கையெழுத்திட்டால், 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் 12-ஆவது பிரிவின்படி அது தகவலை மறைத்த குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. கையெழுத்து உங்களுடையது. மாட்டுவதும் நீங்கள்தான், ஏஜெண்ட் இல்லை.

மாட்டாது என்று அவர் சொல்வார். என் மேஜைக்கு அப்படி ஒருவர் வந்தார். கல்ஃபில் வேலை உறுதியாகி, விசாவுக்குக் காத்திருந்தவர். பழைய பாஸ்போர்ட் தொலைந்துபோனதால், யாரோ சொன்னதைக் கேட்டு, பிறந்த வருடத்தைக் கொஞ்சம் மாற்றிப் 'புதியது' என்று போட்டிருந்தார். அப்பா பெயரும் ஊரும் பழைய பதிவோடு ஒத்துப்போக, கோப்பு நின்றுவிட்டது. விளக்கக் கடிதம், அபராதம், மறுபடியும் விசாரணை என்று மாதக்கணக்கில் இழுத்ததில் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. உள்ளதைச் சொல்லியிருந்தால், தொலைந்ததற்கான புகார் ரசீதோடு 3,000 ரூபாய் கட்டி முடித்திருக்கலாம். நீங்கள் பாஸ்போர்ட்டைப் பத்திரமாகவே வைத்திருக்கிறீர்கள். அதை எதற்கு ஒளிக்க வேண்டும்? உங்கள் கையில் இருப்பதிலேயே பெரிய ஆவணம் அதுதான்.

சரி, பிறந்த தேதிக்கு வருவோம். பாஸ்போர்ட்டும் டி.சி.யும் ஒரே தேதியைச் சொல்கின்றன. ஆதார் மட்டும்தான் வேறு சொல்கிறது. அது எப்படி வந்தது என்று ஊகிக்கக்கூட வேண்டாம். ஆதார் பதிவு முகாமில் கையில் சான்று இல்லாமல் "வயசு என்னம்மா?" என்று கேட்டு ஒரு வருடத்தைப் போட்டால், நாளும் மாதமும் தானாக ஜனவரி 1 என்று விழுந்துவிடும். நம் கிராமங்களில் ஒரு தெருவே ஜனவரி 1-ல் பிறந்திருக்கிறது என்றால் காரணம் இதுதான். ஆகவே பாஸ்போர்ட்டை ஆதாருக்கு ஏற்ப வளைக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் தேதி மாற்றக் கேட்டால் 'ஏன், எதற்கு' என்று கேள்வி மேல் கேள்வி வரும். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் திருத்த அனுமதி உண்டு. அந்த ஒரு வாய்ப்பை, பாஸ்போர்ட்டில் உள்ள தேதிக்குக் கொண்டுவரப் பயன்படுத்துங்கள்.

திருத்தம் முன்னாலா பின்னாலா என்று கேட்பீர்கள். ஆதார் சேவை மையத்தில் உங்கள் டி.சி.யைக் காட்டி, இதை வைத்துத் திருத்த முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் இப்போதே திருத்திவிடுங்கள். முடியாது என்றால் கவலை வேண்டாம். பாஸ்போர்ட்டில் தேதி எதையும் மாற்றக் கேட்காமல் புதுப்பித்துவிட்டு, புதிய பாஸ்போர்ட்டையே சான்றாகக் காட்டி ஆதாரைத் திருத்திக்கொள்ளலாம். அதுவரை முகவரிச் சான்றாகப் புகைப்படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக் இருந்தால் அதைக் கொடுங்கள். கணக்கு நடப்பில் இருக்க வேண்டும், பதிவுகள் அண்மை வரை போட்டிருக்க வேண்டும். வரவு செலவே இல்லாமல் கிடக்கும் கணக்கு உதவாது. ஆனால் ஒன்று, அதிகாரி ஆதாரைக் கேட்டால் மறைக்காமல் நீட்டுங்கள். "முகாமில் தோராயமாகப் போட்டார்கள், திருத்தப் போகிறேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அந்த இருக்கையில் இருப்பவர் ஒரு நாளில் இதைப் பத்துப் பேரிடமாவது கேட்டிருப்பார்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் முடியாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். 2025-ல் வந்த விதித் திருத்தப்படி 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குத்தான் அது ஒன்றே சான்று. உங்களைப் போன்றவர்களுக்குப் பள்ளி டி.சி. போதும்.

அடுத்து பெயர். இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் நீங்கள் போவது துபாய்.

உங்கள் பழைய பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 'குடும்பப் பெயர்' என்ற இடம் காலியாக இருக்கும், 'கொடுக்கப்பட்ட பெயர்' என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டும் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லாததால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இப்படித்தான். சிங்கப்பூர் போனபோது யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. சுற்றுலா அல்லது விசிட் விசாவில் வருபவரின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் உள்ளே விடுவதில்லை என்று. பின்னர், பாஸ்போர்ட்டின் மறுபக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் சிலருக்கு ஏற்கலாம் என்று ஒரு தளர்வும் வந்தது. மகளுக்குப் பிரசவம் நெருங்கும் நேரத்தில், விமான நிலையக் கவுண்டரில் அந்தத் தளர்வை நம்பி நிற்கும் நிலை உங்களுக்கு வேண்டாம். எப்படியும் புதுப்பிக்கப் போகிறீர்கள், பெயரை இரண்டாகவே ஆக்கிவிடுங்கள்.

யார் பெயரைச் சேர்ப்பது, அப்பா பெயரா, கணவர் பெயரா? பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, முழுதாக விரித்து எழுத வேண்டும். டி.சி.யில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்கிறீர்கள். கல்யாணத்தோடு பெண்ணின் இனிஷியலை மாற்றும் பழக்கம் எங்கள் அலுவலகத்துக்கு எவ்வளவு வேலை வைத்தது என்று ஒரு புத்தகமே எழுதலாம், அது இருக்கட்டும். உங்கள் விஷயத்தில் கணவர் பெயரையே குடும்பப் பெயராகச் சேர்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு என்று இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கும் காகிதமெல்லாம் பெரும்பாலும் அவர் பெயரோடுதான் இருக்கும். டி.சி.யில் மட்டும் அப்பா இனிஷியல் இருப்பதை, இங்கே வேலை பார்க்கும் எந்த அதிகாரியும் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். டி.சி.யை நீங்கள் தருவது பிறந்த தேதிக்காக.

இதற்குத் திருமணப் பதிவுச் சான்று வேண்டுமே, நாங்கள் கோயிலில் தாலி கட்டியதோடு சரி என்பீர்கள். இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால், கணவன் மனைவி சேர்ந்து எடுத்த படத்தை ஒட்டி இருவரும் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவம் ஒன்று இருக்கிறது. 'இணைப்பு ஜே' என்பார்கள். பாஸ்போர்ட் இணையதளத்திலேயே கிடைக்கும். வெள்ளைத் தாளில் அச்செடுத்தால் போதும். முத்திரைத் தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். 2016 டிசம்பரிலேயே இந்த உறுதிமொழிகளை எல்லாம் சாதாரணத் தாளில் சுய உறுதிமொழியாகக் கொடுத்தால் போதும் என்று மாற்றிவிட்டார்கள். ஆனாலும் கோர்ட் வாசலில் இன்றும் இதற்கு முத்திரைத் தாள் விற்கிறார்கள்.

ஆதாரில் இனிஷியலாக இருப்பதையும் விரித்துவிடுவது நல்லது. பெயர்த் திருத்தத்துக்கு ஆதாரில் இரண்டு வாய்ப்பு உண்டு. அப்படித் திருத்தும்போது ஆங்கில எழுத்துகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். உங்கள் பெயரைக் கடிதத்தில் எழுதவில்லை, அதனால் முத்துலட்சுமி என்றே வைத்துக்கொள்வோம். 'முத்து'வில் 'து'வுக்கு டிஎச் போட்டிருக்கிறதா, வெறும் டி-யா? 'லட்சுமி'யில் கேஎஸ்எச் வருகிறதா, எக்ஸ் வருகிறதா? இரண்டு சொல்லாகப் பிரித்திருக்கிறதா, சேர்த்திருக்கிறதா? தமிழில் படித்தால் ஒரே பெயர், கம்ப்யூட்டருக்கு ஒவ்வொன்றும் வேறு ஆள். பழைய பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் எந்த எழுத்துகளில் இருக்கிறதோ, அதை ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே கணவரின் பெயரை, அவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் எழுதுங்கள். இனி எங்கே படிவம் நிரப்பினாலும் அந்தத் தாளைத்தான் பார்த்து நிரப்ப வேண்டும், உங்களுக்காக யார் நிரப்பினாலும் சரி.

அந்த 'யார்' என்பது முக்கியம். விண்ணப்பம் முழுவதும் இணையத்தில்தான். செல்போனில் தட்டத் தெரிந்த உறவுப் பிள்ளை யாராவது இருந்தால் எம்பாஸ்போர்ட் சேவா செயலியிலேயே முடித்துவிடலாம். இல்லாவிட்டால் பொதுச் சேவை மையத்தில் நிரப்பித் தருவார்கள். அதற்குச் சிறு சேவைக் கட்டணம் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் கணக்கு தொடங்கும்போது உங்கள் செல்போன் எண்ணையும், நீங்களோ மகனோ பார்க்கும் மின்னஞ்சலையும்தான் கொடுக்க வேண்டும். கடைக்காரர் அவசரத்துக்குத் தன் எண்ணையே போட்டுவிடுவார். அப்புறம் போலீஸ் விசாரணைக்கு வரும் தகவலும், தபால் கிளம்பிய தகவலும் அவர் போனுக்குப் போகும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரசு இணையதளத்தைப் போலவே தோற்றம் உள்ள போலித் தளங்கள் நிறைய இருக்கின்றன என்று வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. முகவரி 'பாஸ்போர்ட்இந்தியா' என்று தொடங்கி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

படிவத்தில் மறு வெளியீட்டுக்கான காரணம் கேட்கும் இடத்தில் உங்களுக்கு இரண்டு காரணம் வரும். காலாவதி ஆகி மூன்று ஆண்டுக்கு மேல் ஆனது ஒன்று, சொந்த விவரங்களில் மாற்றம் என்பது இன்னொன்று. முதலாவதை மட்டும் போட்டுவிட்டுக் கவுண்டரில் போய்ப் பெயர் சேர்க்கச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதற்கு முன் பெயர் மாற்றியது உண்டா என்று கேட்கும் இடத்தில் 'ஆம்' என்று போட்டு, பழைய ஒற்றைப் பெயரைக் குறிப்பிடுங்கள்.

படிப்பு எட்டாம் வகுப்பு என்றே உண்மையைப் போடுங்கள். பத்தாவது படிக்காதவர்களுக்குக் குடியேற்றச் சோதனை (இ.சி.ஆர்.) முத்திரை, அதாவது வெளிநாடு கிளம்பும் முன் அரசு அனுமதி வாங்க வேண்டும் என்ற குறி, விழும், துபாய் போக முடியாது என்று ஏஜெண்டுகள் இதை வைத்துக் காசு பார்ப்பார்கள். 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி அந்தச் சோதனை, குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு. அமீரகமும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் உண்டு, சிங்கப்பூர் கிடையாது. நீங்கள் வேலைக்குப் போகவில்லை, மகளைப் பார்க்கப் போகிறீர்கள். அதுவும் போக, 50 வயது தாண்டியவர்களுக்கு அந்தச் சோதனையே கிடையாது. 1974 என்ற தேதி நிலைத்தால் உங்களுக்கு 50 தாண்டிவிட்டது. வயதைக் காரணமாகக் காட்டி, சோதனை தேவையில்லாத பிரிவு என்று படிவத்தில் தேர்ந்தெடுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் முத்திரை இருந்தாலும் புதியதில் வராது.

கட்டணம் 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். 60 பக்கம் 2,000 ரூபாய், உங்களுக்கு அது தேவையே இல்லை. தட்கலில் போட்டால் மேலும் 2,000 ஆகும், போடாதீர்கள். காலாவதி ஆகி வருடக்கணக்கில் ஆனது, பெயரும் மாறுகிறது, இரண்டும் சேர்ந்த கோப்பை எப்படியும் நிறுத்திப் பார்ப்பார்கள். பணம் மட்டும்தான் தட்கலில் போகும், கோப்பு போகாது.

அலைச்சல் பற்றிக் கேட்டீர்கள். சிவகங்கை மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. அதற்காக மதுரைக்கே போக வேண்டும் என்பதில்லை. 2017 ஜனவரியில் மைசூரிலும் குஜராத்தின் தாஹோதிலும் தலைமை அஞ்சலகத்துக்குள்ளேயே பாஸ்போர்ட் சேவை மையம் திறந்து பார்த்தார்கள். இன்று நாடு முழுவதும் 400-க்கும் மேல் இருக்கின்றன. மதுரை அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதன் கீழ் உள்ள மையங்களின் பட்டியலும், எங்கே எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்பதும் திரையில் வரும். பக்கத்து மாவட்ட அஞ்சலகத்தில் முன்னதாகத் தேதி கிடைத்தால் அங்கேயும் போகலாம். முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கேற்ற நேரத்தை எடுங்கள். காலை எட்டரை மணிக்கு நேரம் வாங்கிவிட்டு ஏழு மணிக்கு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போக முடியாமல் போனாலும் பணம் போகாது, ஓராண்டுக்குள் மூன்று முறை வரை தேதி மாற்றலாம்.

அஞ்சலக மையத்தில் உங்கள் காகிதங்களை ஸ்கேன் செய்து, படம் எடுத்து, கைரேகை பதிந்து, அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எடுத்துப்போக வேண்டியவை: பழைய பாஸ்போர்ட், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகல், டி.சி., ஆதார், பாஸ்புக், இணைப்பு ஜே, கணவரின் பாஸ்போர்ட். நகல்களில் எல்லாம் உங்கள் கையெழுத்து இருக்கட்டும், தமிழிலேயே போடலாம். அங்கேயே படம் எடுப்பார்கள் என்றாலும் வெள்ளைப் பின்னணியில் இரண்டு படம் பையில் இருந்தால் நல்லது. படத்தின் பின்னணி வெள்ளை என்பதால் வெளிர் நிறச் சேலை வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயல் வேலை, பாத்திரம் கழுவும் வேலை செய்பவர்களுக்கு ரேகை தேய்ந்து மெஷினில் பதியாது. முந்தின நாலைந்து நாள் இரவில் விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுங்கள், அன்று காலையில் நன்றாகத் துடைத்துவிடுங்கள். இது எந்த விதியிலும் இல்லை, கவுண்டரில் உட்கார்ந்து கற்றது.

அன்று பாஸ்போர்ட் கையில் வராது. பழையதில் ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

இதற்குப் பிறகுதான் போலீஸ் விசாரணை. உங்களுக்கு நான் அதிகம் கவலைப்படுவது இந்த இடத்துக்குத்தான், திருப்பூர் போக்குவரத்தால். ஏட்டு வரும் நாளில் வீடு பூட்டிக் கிடந்து, பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளந்தியாக "அவங்க திருப்பூர்ல மகன் கூட இருக்காங்க" என்று சொல்லிவிட்டால், கொடுத்த முகவரியில் வசிக்கவில்லை என்று அறிக்கை போய்விடும். அதன் பிறகு விளக்கக் கடிதம், மறுவிசாரணை என்று மாதங்கள் ஓடும். ஆகவே ஊர் முகவரியைக் கொடுத்தால், தேதி வாங்கிய நாளிலிருந்து பாஸ்போர்ட் கைக்கு வரும் வரை ஊரிலேயே இருங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்காமல் இருக்க முடியாதென்றால் அவர்களை விடுமுறைக்கு இங்கே வரச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டில் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுங்கள். அது ஸ்டேஷனாக இருக்கலாம்.

விசாரணைக்கு என்று தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. 1,500 ரூபாயோடு அரசுக்குக் கொடுக்க வேண்டியது முடிந்தது. 'போலீஸ் செலவு' என்று ஏஜெண்ட் சொன்னது அவர் கணக்கில் உள்ள செலவு.

அதே ஏட்டு வழக்கு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்ப்பார். உங்களுக்கு இருக்காது. ஆனால் குடிநீருக்காக ஊரே சாலை மறியலில் உட்கார்ந்த நாளில் பெயரெழுதிக்கொண்டு போய், அது நீதிமன்றத்தில் வழக்காக நிலுவையில் இருப்பது தெரியாமலேயே இருப்பவர்கள் உண்டு. அப்படி ஏதாவது நினைவுக்கு வந்தால் விண்ணப்பிக்கும் முன் ஸ்டேஷனில் விசாரித்துக்கொள்ளுங்கள். நிலுவை வழக்கு இருந்தாலும் அந்த நீதிமன்றத்தின் அனுமதியோடு பாஸ்போர்ட் பெற வழி இருக்கிறது. மறைத்தால்தான் வழியில்லை.

அப்புறம் தபால். பாஸ்போர்ட் விரைவு அஞ்சலில் வரும், உரியவர் கையில் அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுப்பார்கள். உங்கள் கிளை அஞ்சலகத்தின் பின்கோடு என்ன என்று தபால்காரரிடமே கேட்டுப் படிவத்தில் போடுங்கள். பக்கத்துப் பெரிய ஊரின் பின்கோடைப் போட்டுவிட்டு, புத்தகம் அங்கே சுற்றித் திரும்பிப் போன கதைகள் உண்டு. கதவிலக்கம் இல்லாத வீடு என்றால் தெருவையும் கணவர் பெயரையும் தெளிவாக எழுதுங்கள். தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ஆள் இல்லை என்று திரும்பினால் அது மதுரைக்கே போய்ச் சேரும், நீங்கள் தவிர்க்க நினைத்த அந்த மதுரைப் பயணம் அப்போது வரும்.

நான்கு மாதம் என்கிறீர்கள். ஆதார்த் திருத்தத்துக்கு இரண்டு மூன்று வாரம், தேதி கிடைக்க ஒன்றிரண்டு வாரம், விசாரணையும் தபாலும் சேர்ந்து ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் விசாவுக்கு நேரம் இருக்கும். ஆதார்த் திருத்தம் இழுத்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், மேலே சொன்னபடி பாஸ்புக்கோடு போய்விடுங்கள். நடுவில் கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் 1800-258-1800 என்ற இலவச எண்ணில் கோப்பு எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். மகளிடம் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள். பழைய பாஸ்போர்ட் படத்தை வைத்து விசாவுக்கோ டிக்கெட்டுக்கோ இப்போதே பதிவு செய்ய வேண்டாம். புதியதில் பெயர் இரண்டு சொல்லாக இருக்கும். டிக்கெட்டிலும் விசாவிலும் அதே இரண்டு சொல், அதே எழுத்துகள்.

உங்கள் கணவரின் பாஸ்போர்ட் எப்போது காலாவதி ஆகிறது என்று கடிதத்தில் சொல்லவில்லை. பீரோவைத் திறக்கும்போது அதையும் பாருங்கள். முடிய ஓராண்டுக்குள் இருந்தாலோ, முடிந்துவிட்டிருந்தாலோ, அதே கணக்கிலேயே அவருக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு அதே நாளில் அடுத்தடுத்த நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். இணைப்பு ஜே-யில் கையெழுத்துப் போட எப்படியும் அவர் வேண்டும். சிங்கப்பூரில் இருந்தவர், பேரக்குழந்தையைப் பார்க்க துபாய் வரமாட்டேன் என்றா சொல்லப் போகிறார்?